கற்படுக்கையும் கண்ணாடிப் பேழையும்

புதுக்கோட்டையை அடுத்த திருக்கோகர்ணத்தில் சமஸ்தானக் காலத்தில், 1910ஆம் ஆண்டு நிறுவப்பட்ட அரசு அருங்காட்சியகம் உள்ளது. ஒரு காலத்தில் விளக்கேற்றி வணங்கப்பெற்ற சமணத் திருமேனிகளும் அங்கே காட்சிப் பொருள்களாக நிற்கின்றன. அவை அழியாமல் காக்கப்பட்டதற்கு நாம் நன்றி கூறவேண்டும். ஆயினும், அவற்றின் முன் மனிதர் எவ்வாறு நின்றனர், எதை வேண்டினர் என்பதைப் பெயர்ப்பலகை நமக்குச் சொல்வதில்லை.

அந்தக் குறையை நிறைவு செய்ய ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சித்தன்னவாசலுக்குச் செல்லவேண்டும். குன்றின் மேலுள்ள ஏழடிப்பட்டத்தில் தலையணை போன்ற மேட்டுடன் 17 கற்படுக்கைகள் வழவழப்பாகச் செதுக்கப்பட்டுள்ளன. ஒன்றில் ஏறக்குறைய 2,000 ஆண்டுப் பழமையுடைய தமிழ்ப் பிராமி எழுத்துகள் உள்ளன. துறவு எத்துணைக் கடினமானது என்பதை விளக்கவுரை இன்றியே அக்கல் உணர்த்துகிறது.

மேற்குச் சரிவிலுள்ள அறிவர் கோயிலோ மிகச் சிறியது. முன்மண்டபத்தின் விதானத்தில் தாமரைப் பொய்கை. மீன்கள், அன்னங்கள், யானைகளுக்கிடையே சிலர் மலர் கொய்கின்றனர். தீர்த்தங்கரரின் அருளுரை கேட்கச் செல்லும் அடியார் அவர்கள் என்பர். அப்பொய்கையின் கீழ் நடந்துதான் நாமும் கருவறைக்குள் நுழைகிறோம். பார்க்க வந்தவனைக் கேட்க வந்தவனாக மாற்றுவதே இக்கட்டடத்தின் சிறப்பு. உள்ளே மெல்ல ஓசை எழுப்பினால் அறை முழுவதும் அதிர்கிறது. பலரும் அதனை வேடிக்கையாகக் கண்டு விரைந்து வெளியேறுவது வருத்தம் தருகிறது. சற்று நேரம் அமைதியாய் நிற்கச் சொல்வார் அங்கு இல்லை.

9ஆம் நூற்றாண்டில், பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் இக்கோயிலின் அகமண்டபத்தைப் புதுக்கி, முகமண்டபம் எடுப்பித்தார் என்று கல்வெட்டு கூறுகிறது. அதைப் படித்தபோது என் மனச்சான்று என்னைக் குத்தியது.

பல ஆண்டுகளுக்கு முன், ஒரு பங்கின் ஆலயத்தைப் புதுப்பித்தபோது, கரையான் அரித்த பழைய மரப் பீடத்தை விறகுக்குக் கொடுத்துவிட்டேன். மூதாட்டி ஒருவர் வந்து, “சாமி, இதுக்கு முன்னாலதான் எனக்குக் கலியாணம் நடந்தது” என்று கூறி, ஒரு துண்டை மட்டும் கேட்டுப் பெற்றுச் சென்றார். இளங்கௌதமன் அறிந்திருந்ததை நான் அறியவில்லை. அந்த மூதாட்டி அறிந்திருந்தார்.

திருச்சபை அருங்காட்சியகங்களை மேய்ப்புப் பணியின் பகுதியாகக் கருதவேண்டும் என்று 2001ஆம் ஆண்டு வத்திக்கான் சுற்றுமடல் ஒன்று அறிவுறுத்தியது. பழைய மறைப்பணித் தளமான ஆவூர் அமைந்திருப்பதும் இம்மாவட்டத்தில்தான். இங்குள்ள ஒவ்வொரு பங்கும் தன் பழைய திருவுருவங்களுக்கும், திருவுடைகளுக்கும், பதிவேடுகளுக்கும் ஓர் அறையேனும் ஒதுக்கலாகாதா? பொருளோடு அதன் முன் செபித்தவர்களின் நினைவையும் எழுதி வைப்போம். அந்நினைவைச் சொல்லக்கூடிய முதியோர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்கள் மறையுமுன் இப்பணியைத் தொடங்குவது நம் கடமை.