அசைவும் திரைத்தோற்றமும்

வீடியோக் கமராவினால் எடுத்த காட்சியும் திரைப்படம் போன்று தோன்றவேண்டும் என்பது நம் இளங்கலைஞர் பலரின் அவா. அத்தோற்றம் எதனால் அமைகின்றது, எவ்விடத்து வேண்டற்பாலது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். வட்டவளை மலைச்சரிவிலே கொழுந்து பறிக்கும் கைகளை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

மௌனப்படக் காலத்தில் படவேகம் ஒருநிலைப்பட்டதன்று. 1920களின் இறுதியிற் பேசும்படம் வந்த பின்னரே விநாடிக்கு 24 படங்கள் என்னும் அளவு நிலைபெற்றது. திரைப்படக் கமராவின் ஷட்டர் பெரும்பாலும் சுழலும் அரைவட்டத் தகடாகும். ஆகவே ஒவ்வொரு படமும் ஏறத்தாழ 1/48 விநாடி ஒளிபெறும். அதற்குள் விரையும் கை சிறிது கலங்கிப் பதியும். அக்கலக்கமே ஒரு படத்தை அடுத்த படத்தோடு பிணைக்கும் பாலம். தோட்டத் தொழிலாளர் வாழ்வைப் பொருளாகக் கொண்டு 1975இல் வெளிவந்த 'புதிய காற்று' முதலிய படங்களின்வழி நம் கண் பழகியது இவ்வசைவுக்கே. 1982இல் ஒளிபரப்பைத் தொடங்கிய ரூபவாஹினியின் கலையகக் காட்சிகளோ விநாடிக்கு 50 அரைப்படங்களாக வந்தன. அவற்றின் வழுவழுப்பான அசைவு, 'இப்பொழுதே நிகழ்கின்றது' என்னும் உணர்வைத் தந்தது.

நம்மவர் பலர் படவேகத்தை 25 ஆக்கிவிட்டு, ஷட்டரைக் கமராவின் விருப்பத்துக்கு விட்டுவிடுகின்றனர். உச்சிவெயிலில் அது 1/1000 விநாடிக்கும் குறுகிவிடும். ஒவ்வொரு படமும் கூர்மையாகப் பதிய, பாலம் அறுந்து கைகள் துள்ளும். 1998இல் வெளிவந்த 'சேவிங் பிரைவேட் ரயன்' படத்தின் போர்க்காட்சிகளில் ஷட்டரைக் குறுக்கியது அச்சத்தை எழுப்புதற்பொருட்டு. தேயிலை மலை போர்க்களமன்று. ஷட்டரை 1/50இல் நிறுத்தி, மிகுந்த ஒளியைக் கருங்கண்ணாடி வடிகட்டியால் தணித்தலே முறை. மழையிருட்டிலும் ஷட்டரை நீளவிடாது வில்லைத் துவாரத்தை விரித்தல் நன்று. நம் நாட்டு மின்னோட்டம் 50 ஹேர்ட்ஸ் ஆதலின், தொழிற்சாலைக் குழல்விளக்கின் துடிப்பும் 1/50இல் அடங்கும்.

எனினும், 24 படங்களே கலை, ஏனையவை கலையல்ல என்பார் கூற்று ஏற்புடையதன்று. 2012இல் 'ஹொபிட்' விநாடிக்கு 48 படங்களாகத் திரையிடப்பட்டபோது, தொலைக்காட்சி போலிருக்கின்றது என விமரிசகர் பலர் குறை கூறினர். அக்குறை கண்ணின் இயல்பினின்றும் பிறந்ததன்று, பழக்கத்தினின்றும் பிறந்தது. தொழிலாளப் பெண்ணொருத்தி தன் குறையைத் தானே எடுத்துரைக்கும்போது, கதைக்குரிய தொலைவினும் நிகழ்வுக்குரிய அண்மையே பொருந்தும். ஆண்டு 50 படங்கள் தகும்.

ஆனால் அவள் கொழுந்து பறிக்கும் காட்சியில் கலக்கம் வேண்டும். பறித்த கொழுந்தின் நிறை கொண்டு கூலி கணிக்கப்படும் மலையில், கையின் விரைவே அவள் சீவனம். உறைந்த விரலும் கூரிய தளிரும் அழகிய அஞ்சலட்டையாகலாம். உழைப்பு அதிலே மறைந்துபோகும். கமராவின் எண்களைத் தெரிவது தொழில்நுட்பம் மாத்திரமன்று. காட்டப்படும் மனிதரை எவ்வாறு மதிக்கின்றோம் என்பதற்கும் அதுவே சான்று.