ஊற்றை அடைத்தவர் யார்?

பிரெஞ்சு எழுத்தாளர் மார்செல் பான்யோல், 1952இல் தாம் இயக்கிய திரைப்படமொன்றின் கதையை விரித்து, 1963இல் ‘குன்றுகளின் நீர்’ என்னும் பொதுத் தலைப்பில் இரு நாவல்களாக வெளியிட்டார். நீரின் பங்கீட்டைப் பற்றிச் சிந்திப்போர் இவற்றைக் கற்றல் நன்று. இவற்றின் குறையையும் உணர்தல் அதனினும் நன்று.

களம் தென் பிரான்சின் புரோவான்சு மலைநாடு. நகரிலிருந்து வந்த கூனனான ஜானின் நிலத்தில் ஊற்றொன்று உண்டு. அந்நிலத்தை மலிவாகப் பெற்றுக் கார்னேசன் மலர் பயிரிட விழையும் சேசார் கிழவரும் உறவினனான உகோலினும் அவ்வூற்றைச் சீமெந்திட்டு மறைத்துவிடுகின்றனர். ஜான் தொலைவிலிருந்து நீர் சுமக்கிறான்; கிணறு தோண்ட வெடி வைத்து மடிகிறான். ஊற்றிருந்ததை அறிந்த ஊரார் வாய் திறக்கவில்லை. அவன் அந்நியன் அன்றோ!

நிலத்துக்கு உடையவனே ஊற்றுக்கும் உடையவன் என்னும் முறை நிலவுமிடத்து, நீர்வேட்கை நிலவேட்கையாக மாறுவது இயல்பு. அவ்வேட்கை உழைப்பாளி ஒருவனைக் கொல்வதைப் பான்யோல் தயக்கமின்றிக் காட்டுகிறார். ஊராரின் மௌனத்தையும் குற்றமெனவே சாடுகிறார். இஃது அவருடைய யதார்த்த நோக்கின் வெற்றியாகும்.

ஆனால், முடிவிலே அந்நோக்கு தளர்கிறது. ஜான் தன் மகனே என்பதை அறிந்து கிழவர் உடைந்துபோகிறார். மகனாக இராதிருப்பின் அக்கொலை சிறியதாகிவிடுமோ? ஜானின் மகள் மானோன் ஊருக்கு நீரூட்டும் ஊற்றை அடைத்துப் பழி தீர்க்கிறாள். பின்னர் மனமிளகித் திறக்கிறாள். ஊர் தாகம் தீர்கிறது. ஊரின் நீரைத் தனியொருவர் அடைக்கக்கூடிய நிலையோ அப்படியே எஞ்சுகிறது. சமுதாயச் சிக்கலுக்கு ஆசிரியர் இரத்த உறவிலும் மனமாற்றத்திலும் விடை தேடிவிட்டார்.

விடை வேறிடத்தில் உள்ளது. பிரெஞ்சுக் குடியியற் சட்டக்கோவையின் 642ஆம் பிரிவு ஊற்றை நிலவுடைமையாளரின் விருப்புக்கு விடுகிறது. எனினும், ஊர்மக்களுக்கு இன்றியமையாத நீரைப் பறிக்கும் உரிமையை அவருக்கு அளிக்கவில்லை. 1992 சனவரி 3ஆந் திகதிச் சட்டம் ஒருபடி மேற்சென்று, நீரைத் தேசத்தின் பொது முதுசொமெனப் பிரகடனஞ் செய்தது. குறித்த அளவுக்கு மேல் நீரெடுப்போர் அரசுக்கு அறிவித்தல் அல்லது அனுமதி பெறுதல் வேண்டும். வரட்சியில் அதனை மட்டுப்படுத்தவும் அரசுக்கு அதிகாரமுண்டு.

அனுமதிப் பத்திரம் மட்டும் நீதியாகிவிடுமா? மேற்குப் பிரான்சின் செந்த் சொலீனில், மாரிகாலத்தில் நிலத்தடி நீரை இறைத்துச் சேமிக்கும் பாசனத் தேக்கமொன்று அரசு அனுமதியுடனேயே எழுந்தது. அதனை எதிர்த்து 2023 மார்ச் 25இல் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். பொலிசாருடன் மோதல் மூண்டது. ஒரு சில பண்ணைகளின் பாசனத்துக்காகப் பொதுநீரை ஒதுக்குவதா என்பதே அவர்களின் வினா. பத்திரம் வழங்குவோர் எவரைக் கேட்டு வழங்குகின்றனர், எவருடைய பங்கைக் குறைத்து வழங்குகின்றனர் என்பவை மக்கள் முன்னிலையில் பேசப்படாவிடின், சட்டமும் சீமெந்தாகவே அமையும்.

பான்யோலின் ஊரார் அறிந்தும் பேசவில்லை. நீரைப் பங்கிடும் விதி எதுவாயினும், அறிந்தவர் பேசும் ஊரிலேயே அது உயிர்பெறும்.