வாய்பேசாச் சாட்சியும் வாசிக்கும் நாயும்: தமிழ்த் துப்பறியும் புனைவில் வளர்ப்பு விலங்கின் இடம்

ஆய்வுச்சுருக்கம்

தொழில்முறை சாராத ஒருவர் தம் வளர்ப்பு நாய் அல்லது பூனையின் துணையோடு மர்மத்தை விடுவிப்பது ஆங்கிலப் புனைவில் தனித்த வகைமையாக நிலைபெற்றுள்ளது. தமிழில் துப்பறியும் புனைவு ஒரு நூற்றாண்டைக் கடந்தும் இவ்வகைமை வேரூன்றவில்லை. அதன் காரணங்களை இக்கட்டுரை ஆராய்கிறது. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’, ‘மீண்டும் ஜீனோ’ ஆகிய நாவல்கள் அறிவியல் புனைவாக மட்டுமே வாசிக்கப்பட்டு வந்துள்ளன. அவை இவ்வகைமைக்குத் தமிழில் அமைந்த மிக நெருங்கிய சான்றுகள் என்பதையும், தேடும் பெண்ணுக்குத் துணையாக வந்த விலங்கே இறுதியில் அவளது அறிபவர் என்னும் இடத்தைப் பெற்றுக்கொள்கிறது என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: துப்பறியும் புனைவு, வளர்ப்பு விலங்கு, சாட்சியம், சுஜாதா, ஜீனோ, நடுகல், கோம்பை நாய்.

1. முன்னுரை

தமிழில் துப்பறியும் கதையின் தொடக்கம் 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குச் செல்கிறது. பண்டித நடேச சாஸ்திரியின் ‘தானவன் என்ற போலீஸ் நிபுணன் கண்டுபிடித்த அற்புதக் குற்றங்கள்’ 1894இல் வெளிவந்தது. அதன் பின்னர் ஆரணி குப்புசாமி முதலியார், ஜே.ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோர் இவ்வகையைப் பெருந்திரளான வாசகரிடம் கொண்டுசேர்த்தனர். தேவன், தமிழ்வாணன், சுஜாதா, ராஜேஷ்குமார், சுபா, பட்டுக்கோட்டை பிரபாகர் என இம்மரபு பேருந்து நிலையக் கடைகளின் மாத நாவல்கள் வரை நீண்டது. இவ்வளவு விரிந்த பரப்பில் பெயர்பெற்ற தொடர் துப்பறிவாளர் எவருடைய அடையாளமாகவும் ஒரு வளர்ப்பு விலங்கு நிலைபெறவில்லை. சங்கர்லாலை நினைத்தால் தேநீர் நினைவுக்கு வருகிறது. கணேஷை நினைத்தால் வஸந்தின் குறும்பு நினைவுக்கு வருகிறது. நாயோ பூனையோ நினைவுக்கு வருவதில்லை.

இவ்வின்மையை அயல் வகைமை ஒன்று இங்கு இறக்குமதியாகவில்லை என்ற அளவில் முடித்துவிட இயலாது. வீட்டில் இருப்பவரின் அறிவும் பேசவியலாத உயிரின் அறிவும் ஓர் இலக்கியப் பரப்பில் சாட்சியமாக ஏற்கப்படுகின்றனவா என்ற வினா இதில் அடங்கியுள்ளது. அவ்வினாவே இக்கட்டுரையின் மையம்.

2. வகைமையின் இலக்கணம்

ஆங்கிலப் புனைவில் விலங்கு முதலில் தடயமாகவே நுழைகிறது. ஆர்தர் கானன் டாயில் 1892இல் வெளியிட்ட ‘சில்வர் பிளேஸ்’ கதையில் இரவில் நாய் குரைக்காமையே துப்பாகிறது. வந்தவன் நாய்க்குப் பழகியவன் என்று ஹோம்ஸ் ஊகிக்கிறார். அகதா கிறிஸ்டியின் ‘டம் விட்னஸ்’ (1937) நாவலில் நாய் குற்றஞ்சாட்டப்பட்ட நிலைக்கு வருகிறது. மூதாட்டி ஒருவர் மாடிப்படியில் விழுந்ததற்கு நாயின் பந்து காரணமாகச் சொல்லப்படுகிறது. அப்பழியிலிருந்து நாயை விடுவிப்பதே உண்மையை நெருங்கும் வழியாகிறது.

விலங்கு துணைத் துப்பறிவாளராக உயர்ந்தது அமெரிக்காவில் ஆகும். லிலியன் ஜாக்சன் பிரான் 1966இல் தொடங்கி, நீண்ட இடைவெளிக்குப் பின் 1986இல் மீண்டும் தொடர்ந்த வரிசையில், குவில்லரன் என்னும் பத்திரிகையாளருக்குக் கோகோ என்னும் சயாமியப் பூனை வழிகாட்டுகிறது. ரீட்டா மே பிரவுன் 1990இல் தொடங்கிய வரிசையின் நாயகி சிற்றூர் அஞ்சலகம் ஒன்றை நடத்துபவர். அவருடைய பூனையும் நாயும் தமக்குள் பேசிக்கொள்கின்றன. அப்பேச்சு மனிதருக்கு விளங்குவதில்லை.

இவற்றிலிருந்து இவ்வகைமையின் மூன்று கூறுகளை வரையறுக்கலாம். ஒன்று, தேடுபவருக்கு அதிகாரம் இல்லை; காவல்துறைப் பதவியோ வழக்கறிஞர் பட்டமோ இல்லை. இரண்டு, விலங்கு அறிகிறது. ஆனால் அறிந்ததைச் சொல்ல இயலாது. மூன்று, மர்மம் விடுபட்டதும் வீடும் ஊரும் பழைய அமைதிக்குத் திரும்புகின்றன.

3. தமிழில் இவ்வகைமை வேரூன்றாமை

தமிழ்த் துப்பறிவாளர் பெரும்பாலும் தொழில்முறையினர். கணேஷ், வஸந்த் வழக்கறிஞர்கள். ராஜேஷ்குமாரின் விவேக் காவல்துறை சார்ந்தவர். பரத்–சுசீலா, நரேன்–வைஜயந்தி இணைகள் துப்பறியும் நிறுவனம் சார்ந்தவை. தொழில்முறை சாராதவருக்குச் சிறந்த சான்று தேவனின் சாம்பு. 1940களில் ஆனந்த விகடன் வாசகரை மகிழ்வித்த இவ்வங்கி எழுத்தர், அறிவினால் அன்றி அதிர்ஷ்டத்தால் வெல்கிறார். பதவியில்லாத ஒருவர் உண்மையைக் கண்டறிவதை நகைச்சுவையாக மட்டுமே ஏற்க முடிந்த ஒரு சூழலைச் சாம்பு காட்டுகிறார் எனக் கருத இடமுண்டு.

அயல் மொழிகளோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். ஈனிட் பிளைட்டனின் சிறார் வரிசையில் (1942 முதல்) டிம்மி என்னும் நாய் உண்டு. வங்காளத்தில் ஷஷ்டிபத சட்டோபாத்யாய் படைத்த ‘பாண்டவ கோயெந்தா’ வரிசையில் ஐந்து சிறாரோடு பஞ்சு என்னும் ஒற்றைக்கண் நாட்டு நாய் துப்பறிகிறது. பஞ்சுவுக்கு உயர்குலச் சான்றிதழ் எதுவும் இல்லை. எனவே, நடுத்தர வர்க்கச் செல்லப்பிராணிப் பண்பாடு பரவாததால் இந்திய மொழிகளில் இவ்வகைமை தோன்ற இயலவில்லை என்ற விளக்கம் போதுமானதன்று.

விலங்கைச் சாட்சியாக மதிக்கும் மரபு தமிழில் இல்லை என்றும் கூற முடியாது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்றில் வீரனோடு நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்னும் அந்நாய் கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றதைக் கல்வெட்டு பெயர் சுட்டிப் பதிவுசெய்கிறது. களவு, காவல், அதற்கான சான்று ஆகிய மூன்றும் அக்கல்லில் ஒருங்கே உள்ளன. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டறியப்பட்ட தமிழ்-பிராமி எழுத்துடைய நடுகற்களில் ஒன்று ஆகோள் பூசலைக் குறிக்கிறது. வைகைப் பள்ளத்தாக்கில் கிடைத்த மிகப் பழைய எழுத்துச் சான்றுகளில் ஒன்று கால்நடைக் கவர்தலைப் பற்றியது என்பது இங்குக் கருதத்தக்கது. களவுபோன மாட்டை மீட்க இடையாள் வழியே கொடுக்கும் தொகையைத் ‘துப்புக்கூலி’ என்று மதுரை வட்டாரத்தைப் பற்றிய காலனிய கால ஆவணங்கள் குறிக்கின்றன. ஆக, இவ்வட்டாரத்தில் ‘துப்பு’ என்னும் சொல் நகரத்துக் கொலை வழக்கைச் சாராமல், தொழுவத்தையும் தடத்தையும் சார்ந்து வழங்கியது.

4. காவலும் செல்லமும்

கட்டுரையாளர் வாழும் மயிலாடும்பாறை வருசநாட்டுப் பள்ளத்தாக்கில் மூல வைகையை ஒட்டி அமைந்த ஊர். சுற்றிலும் திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தின் (2021) காடுகள் உள்ளன. இங்குத் தோட்டத்து நாய் காவலுக்கு உரியது. இரவில் அது குரைக்கும் விதத்தைக் கொண்டே வந்திருப்பது காட்டுப்பன்றியா, அயல் மனிதரா, தெரிந்தவரா எனத் தோட்டக்காரர் கணிப்பர். ஹோம்ஸ் ஒரு முறை செய்த ஊகத்தை இங்குள்ள உழவர் நாள்தோறும் செய்கின்றனர். அதனை எவரும் துப்பறிதல் என்று அழைப்பதில்லை.

இதே மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் உள்ள கோம்பை, தன் பெயரை ஒரு நாயினத்துக்கு வழங்கிய ஊர். வேட்டைக்கும் காவலுக்கும் பெயர்பெற்ற கோம்பை நாய், இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி ஆகியவற்றோடு தென்தமிழகத்தின் நாட்டு இனங்களுள் வைத்து எண்ணப்படுகிறது. இந்திய அஞ்சல் துறை 2005இல் நாயினங்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டபோது இராஜபாளையம் இடம்பெற்றது. இந்த இனங்கள் தமிழ்த் துப்பறியும் நாவலின் அட்டைக்குள் நுழையவில்லை. மாத நாவல் தன் களத்தைச் சென்னையின் அடுக்ககங்களிலும் விடுதிகளிலும் அமைத்துக்கொண்டது. அங்கு நாய் பெரும்பாலும் செல்வர் வீட்டு வாயிற்பலகையின் எச்சரிக்கையாகவே நின்றது. சிற்றூரில் நாய் உண்டு, நாவல் இல்லை. நகரத்தில் நாவல் உண்டு, நாயின் அறிவுக்கு அங்கு வேலை இல்லை. வகைமை வேரூன்றாமைக்கு இவ்விடைவெளியே முதன்மைக் காரணம் என்பது இக்கட்டுரையின் துணிபு.

5. ஜீனோ: பேசும் சாட்சி

இந்நிலையில் 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த ‘என் இனிய இயந்திரா’ விதிவிலக்காகிறது. நாவலின் காலம் 2021ஐ ஒட்டியது. நாடு ஜீவா என்னும் சர்வாதிகாரியின் ஆட்சியில் உள்ளது. பெயர்கள் இரண்டு எழுத்துக்குள் அடங்குகின்றன. குழந்தை பெறவும் அரசின் இசைவு வேண்டும். நிலாவின் கணவன் சிபி காணாமற்போகிறான். அவள் வீட்டில் தங்க வரும் ரவியின் வளர்ப்பு நாய் ஜீனோ, ஓர் இயந்திரம். அது பேசுகிறது, புத்தகங்களை வாசிக்கிறது. ஆட்சியாளன் ஜீவா வெறும் ஒளியுரு என்பதும் பின்னர் வெளிப்படுகிறது.

இக்கதையை அறிவியல் அணியை நீக்கிப் பார்த்தால், மேற்கூறிய வகைமையின் முதற்கூறு முழுமையாகப் பொருந்துகிறது. நிலாவுக்குப் பதவி இல்லை, அவள் இல்லத்தரசி. காணாமற்போனவன் அவள் கணவன் என்பதால் மட்டுமே அவள் தேடுகிறாள். துணைக்கு இருப்பது ஒரு நாய்.

இரண்டாம் கூறு தலைகீழாகிறது. கோகோவும் கிறிஸ்டியின் நாயும் அறிந்ததைச் சொல்ல இயலாதவை. அவற்றின் செயலைப் பொருள்கொள்வதே மனிதத் துப்பறிவாளரின் திறன். ஜீனோவோ சொல்லிவிடுகிறது. இங்குத் தேடுபவருக்குப் பொருள்கோடல் என்னும் பணி குறைந்துவிடுகிறது. ஜப்பானிய நிறுவனமான சோனி ‘ஐபோ’ என்னும் இயந்திர நாயை 1999இல் விற்பனைக்குக் கொண்டுவருவதற்கு ஒரு பத்தாண்டுக்கும் முன்பே சுஜாதா ஜீனோவைப் படைத்தார் என்பது அடிக்கடி வியக்கப்படும் செய்தி. அவ்வியப்பு நியாயமானதே. ஆயினும், தமிழ்த் துப்பறியும் புனைவில் நீங்கா இடம்பெற்ற ஒரே வளர்ப்பு நாய் ஏன் இயந்திரமாக இருக்க நேர்ந்தது என்ற வினாவை அது மறைத்துவிட்டது. உயிருள்ள நாயின் மோப்பத்தையும் மௌனத்தையும் அறிவாக ஏற்காத ஒரு வாசிப்புச் சூழலில், நூல் வாசிக்கும் நாய் மட்டுமே அறிவுடையதாக ஏற்கப்பட்டது என்பது நாம் தரும் விடை.

மூன்றாம் கூறும் மறுக்கப்படுகிறது. அமைதி திரும்புவதில்லை. நிலாவின் தேடல் ரவி, மனோ ஆகியோர் அதிகாரத்தைக் கைப்பற்றும் திட்டத்துக்குப் பயன்படுகிறது. அவள் அரியணையில் அமர்த்தப்படும் பொம்மையாகிறாள். துப்பறிதல் என்பது சமூக ஒழுங்கை மீட்கும் செயல் என்ற நம்பிக்கையை இந்நாவல் உடைக்கிறது. அவ்வகையில் இது தன் ஆங்கில உறவுகளைவிடக் கூர்மையானது.

6. ஒரு விமரிசனம்

ஆயினும் ஒன்றைச் சுட்டாமல் விட இயலாது. இரு நாவல்களின் போக்கில் ஜீனோவின் சார்பு உரிமையாளனான ரவியிடமிருந்து நிலாவை நோக்கி நகர்கிறது. உடைமையாக இருந்தது துணையாக மாறும் இப்பகுதிகளே வாசகர் மிகவும் விரும்புபவை. ஆனால் ஜீனோ வளர வளர நிலாவின் தேடல் சுருங்குகிறது. முதல் நாவலை நகர்த்துவது அவளது வினா. தொடரும் நாவல் தலைப்பிலேயே ஜீனோவின் பெயரைத் தாங்குகிறது. அறியாமையிலிருந்து அறிவுக்குச் செல்ல வேண்டியவள் நிலா. அப்பயணத்தை நாய் மேற்கொள்கிறது.

நிலாவின் இயலாமை சர்வாதிகாரத்தைச் சித்திரிக்கும் உத்தி என்று இதற்கு மறுமொழி கூறலாம். அது ஓரளவு பொருந்தும். எனினும் அதே ஆட்சியின் கீழ், அதைவிடக் கடுமையான உடைமை நிலையில் இருக்கும் ஜீனோவுக்குச் சிந்திக்கவும் எள்ளவும் எதிர்க்கவும் நாவல் இடமளிக்கிறது. ஒடுக்குமுறை இயந்திரத்தின் அறிவைத் தடுக்கவில்லை. பெண்ணின் அறிவை மட்டும் தடுத்தது. ரீட்டா மே பிரவுனின் அஞ்சலக நாயகி விலங்குகளின் பேச்சு விளங்காதபோதும் தன் முடிவுகளைத் தானே எடுக்கிறாள் என்பதோடு இதனை ஒப்பிட்டால் இழப்பின் அளவு புலப்படும்.

7. முடிவுரை

தமிழ்த் துப்பறியும் புனைவில் வளர்ப்பு விலங்கு வேரூன்றாமைக்கு மரபின்மை காரணமன்று. எடுத்தனூர்க் கல் அதற்குச் சான்று. அறிவு பதவியுடையவரிடமும் நகரத்திலும் மட்டுமே இருப்பதாகக் கொண்ட வகைமை மனநிலையே காரணம். ஜீனோ அம்மனநிலையை ஒரு புறம் மீறியது. மறுபுறம் அதற்கு உடன்பட்டது. பேச வல்ல நாய் ஒன்றைத் தமிழுக்குத் தந்த சுஜாதா, அதன் அருகில் இருந்த பெண்ணை முழுமையாகப் பேசவிடவில்லை.

இவ்வாய்வு இரு திசைகளைத் திறக்கிறது. ‘என் இனிய இயந்திரா’வை அறிவியல் புனைவு என்ற வரையறைக்கு வெளியே, துப்பறியும் புனைவின் வரலாற்றில் வைத்துக் கற்பிக்க வேண்டும். அத்துடன், தடம் பார்த்தல், குரைப்பைக் கணித்தல் போன்ற ஊர்ப்புற அறிவைத் துப்பறிதலின் இலக்கணத்துள் சேர்த்து எண்ண வேண்டும். மயிலாடும்பாறைத் தோட்டம் ஒன்றில் நள்ளிரவில் நாய் குரைப்பதைக் கேட்டு எழுந்து, விளக்கை ஏற்றும் முன்பே வந்தது யார் என்று சொல்லிவிடும் பெண் தொழில்முறை சாராத் துப்பறிவாளரே. அவர் இடம்பெறும் நாவல் எழுதப்படும்போது இவ்வகைமை தமிழுக்குச் சொந்தமாகும்.