கூடுவிட்டுக் கூடு பாய்தல்: ஊவாத் தோட்டங்களின் காமன் கூத்தில் உருவேறலும் அதிகாரமும்

மாசித் திங்களின் வளர்பிறைக் காலத்தில் பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகலை, அப்புத்தளை முதலிய பகுதிகளைச் சேர்ந்த தோட்டங்கள் பலவற்றில் ஆடப்பட்டு வந்துள்ள காமன் கூத்தைப் பற்றி எழுதியோர், பெரும்பாலும் இருவகை நோக்குகளுள் ஒன்றையே கைக்கொண்டனர். ஒரு சாரார் அதனைப் பக்தியின் வெளிப்பாடாகக் கண்டு, வேடதாரிக்கு உரு வருவதைத் தெய்வத்தின் இறக்கம் என்று போற்றினர். மற்றொரு சாரார் அதனை அறியாமையின் எச்சமென ஒதுக்கினர். 1978ஆம் ஆண்டு மறையும்வரை இலங்கையிற் பகுத்தறிவு இயக்கத்தை முன்னின்று நடத்திய டொக்டர் ஆபிரகாம் கோவூர், பேய் பிடித்தல், சாமி வருதல் முதலியன மனநிலை சார்ந்தவையே என்று நிறுவ முயன்றமை யாவரும் அறிந்ததே. அவரது விளக்கம் தவறெனக் கொள்வதற்கில்லை. ஆனால் உரு வருவது மெய்யோ பொய்யோ என்ற வினாவோடு கூத்தின் திறனாய்வு முடிந்துவிடுமாயின், அந்த உருவினால் யார் எதனைப் பேச முடிகின்றது, பேசியவரை மீண்டும் யார் அடக்குகின்றனர் என்னும் வினா எழுப்பப்படாமலே போய்விடுகின்றது. கூத்தை ஓர் அதிகார நாடகமாக நோக்குவதற்கு அவ்வினாவே வாயிலாகும்.

கதை யாவரும் அறிந்தது. தவத்தில் அமர்ந்த சிவனின் மோனத்தைக் கலைத்தல் தேவர்க்குத் தேவைப்படுகின்றது. அதனைத் தாமே செய்யத் துணியாத அவர்கள் மன்மதனை ஏவுகின்றனர். ரதி தீக்கனாக் கண்டு தடுக்கின்றாள், அவன் கேளாது செல்கின்றான், நெற்றிக்கண் திறக்கின்றது. கந்தபுராணத்திலே மன்மதன் தயங்கியவிடத்துப் பிரமன் சாபமிடுவதாக அச்சுறுத்தியே அவனை அனுப்புகின்றான். கூத்திலோ ஓலை கொண்டுவரும் தூதன் ஒரு தனிப் பாத்திரமாகவே ஆடி வருகின்றான்; அவன் வரவுக்கென்றே தாளமும் ஆட்டமும் உண்டு. கம்பம் ஊன்றும் நாளிலிருந்து தகனம் நிகழும் இரவு வரை விரிந்து செல்லும் இந்நிகழ்ச்சியிலே, காமன் பொட்டலில் கூடி நிற்கும் மக்களின் நெஞ்சம் சிவன்பால் நிற்பதில்லை; எரியப்போகின்றவன்பால் நிற்கின்றது. புராணம் தவத்தின் வெற்றியைப் பாடுகின்றது. கூத்து ஏவப்பட்டவனின் அழிவைப் பாடுகின்றது. கட்டளையிட்டோர் யாவரும் பிழைத்திருக்க, கட்டளையை நிறைவேற்றச் சென்றவன் மட்டும் சாம்பலாகின்றான் என்னும் செய்தி, ஓலையின் பேரிலும் கங்காணியின் வாக்கின் பேரிலும் கடல் கடந்து வந்தோரின் வழித்தோன்றல்களுக்கு எத்தகைய பொருளைத் தந்திருக்கும் என்பதை விரித்துரைத்தல் வேண்டியதில்லை.

தஞ்சைப் பகுதியில் இக்கதை வேறொரு வழியிற் சென்றது. அங்கே லாவணிக் கலைஞர் ‘எரிந்த கட்சி’, ‘எரியாத கட்சி’ என இரண்டாகப் பிரிந்து, காமன் எரிந்தானா இல்லையா என்று விடிய விடியப் பாட்டால் வாதிடுவர். மலையகத்திலோ வாதத்தினும் ஆட்டமே முதன்மை பெற்றது. எரிந்தான் என்பதிலே தோட்டத்து மக்களுக்கு ஐயம் இருந்ததில்லை போலும்.

இனி உருவேறல் நிகழும் முறையை நோக்குவோம். ரதியும் மதனுமாக வேடம் பூணுவோர் நோன்பு இருத்தல் வேண்டும். ரதியாக ஆடுபவரும் ஆடவரே. வீரபத்திரன், காளி, யமன் முதலிய உக்கிரப் பாத்திரங்கள் களத்திற் புகும்போது வேடதாரி தன்வயமிழந்து ஆடுவதும், பலர் சேர்ந்து அவரைப் பற்றி நிற்பதும், விபூதியிட்டுத் தணிப்பதும் கூத்தின் இயல்பான பகுதிகளாகவே கொள்ளப்படுகின்றன. அந்த உரு வழிதவறி வருவதன்று. பாத்திரம், நேரம், இடம், தாளம் ஆகிய நான்கினாலும் எல்லை வகுக்கப்பட்டே வருகின்றது. வாத்தியார் பாட, தப்பு முழங்க, உரிய அடவிலே அது வந்து சேர்கின்றது. உரிய நேரத்திலே விடைபெறுகின்றது.

தப்பு என்னும் அக்கருவியைப் பற்றி இவ்விடத்துச் சிறிது கூறுதல் தகும். தோட்ட வாழ்வில் தப்பு கூத்துக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. இருள் பிரியுமுன் லயங்களில் உறங்குவோரை எழுப்பிப் பெரட்டுக் களத்துக்கு அழைத்ததும் தப்பொலியே. உழைப்பாளியின் உடலைத் துயிலிலிருந்து பறித்து மலைக்கு ஏற்றிய அதே ஒலி, மாசி மாதத்து இரவுகளில் அவ்வுடலிலே தெய்வத்தை ஏற்றியது. ஓர் ஒலிக்கு இருவேறு எசமானர்! இரவெல்லாம் வீரபத்திரனாக நின்றவர் காலையில் பெயர் கூப்பிடக் கேட்டுக் கையுயர்த்த வேண்டியவராகவே இருந்தார். கடன் தீரும்வரை வேறு தோட்டம் செல்லவொட்டாது தொழிலாளியைப் பிணித்த துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, எஞ்சிய 150,000 பேரின் நிலையைப் பின்னர் தீர்ப்பதாக விட்டுவைத்தது. தம் உடலும் இருப்பும் தம் கையில் இல்லாத மக்கள், பிறிதொன்று தம்முட் புகுவதை ஆண்டுதோறும் தாமே வரவழைத்து ஆடினர் என்பது சாதாரணமாகக் கடந்துபோகக் கூடிய செய்தியன்று.

இதனை மேலும் விளங்கிக்கொள்ளச் சற்றுத் தொலைவான ஓர் ஒப்பீடு உதவும். பிரித்தானியத் தொலைக்காட்சியின் ‘டொக்டர் ஹூ’ என்னும் விஞ்ஞானக் கற்பனைத் தொடரிலே, கிறிஸ்டோபர் பெய்லி எழுதிய ‘கிண்டா’ என்னும் நான்கு பகுதிக் கதை 1982 பெப்ரவரி 1 முதல் 9 வரை ஒளிபரப்பாயிற்று. (இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியதும் அதே மாதம் 15ஆம் நாள்.) கதை நிகழும் கோளின் பெயர் தேவலோகம். அங்கே குடியேற்றத்துக்கு இடம் தேடி வந்த ஒரு படைக்குழு கூடாரம் அமைத்திருக்கின்றது. அதன் தலைவன் பழைய காலனித்துவ அதிகாரியைப் போலவே தொப்பி அணிந்து நடக்கின்றான். கோளின் பழங்குடிகளான கிண்டாக்கள் பேசுவதில்லை. மனத்தோடு மனம் கலந்தே வாழ்கின்றனர். அம்மக்களின் ஞானமுடைய பெண்களுக்குப் பஞ்ஞா, கருணா எனப் பெயர்; தீய ஆற்றலுக்குப் பெயர் மாரன். இலங்கைச் சிங்களச் சிற்றூர் ஒவ்வொன்றிலும் அறியப்பட்ட பௌத்தச் சொற்களை ஆங்கில ஆசிரியர் ஒருவர் விண்வெளிக்கு ஏற்றியிருக்கின்றார். தனித்து உறங்கிய டேகன் என்னும் பெண்ணின் கனவு வழியாக மாரன் அவளுட் புகுகின்றான். பின்னர் அவள் கையிலிருந்து பாம்பு வடிவிலே அரிஸ் என்னும் கிண்டா ஆடவனின் கைக்குப் பாய்கின்றான்.

மாரனும் காமனும் வேறானவர் அல்லர். அசுவகோஷரின் புத்தசரிதம், உலகோர் காமதேவன் என்று அழைப்பவனே மாரன் என்று வெளிப்படையாகக் கூறுகின்றது. போதியின் கீழ் அமர்ந்த தவத்தையும் கயிலையில் அமர்ந்த தவத்தையும் கலைக்க வந்தவன் ஒருவனே. பதுளை நகரின் முதியங்கனை விகாரைக்குச் செல்வோரும் அதைச் சூழ்ந்த மலைகளிற் காமன் கம்பம் ஊன்றுவோரும் ஒரே தெய்வத்தை எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து நோக்குகின்றனர் எனலாம். முன்னவர்க்கு அவன் வெல்லப்படவேண்டியவன். பின்னவர்க்கு அழுது மீட்கப்படவேண்டியவன். பெய்லி முன்னவர் பக்கமே நின்றார். அவரது கதையில் மனம் புகுதல் என்பது களவு. ஆதலால் கண்ணாடிகளை வட்டமாக நிறுத்தி மாரனைத் தன் உருவையே காணச் செய்து வெளியேற்றுவதொன்றே தீர்வாகின்றது. எனினும் அக்கதையினுள்ளேயே வேறொரு பாய்ச்சலும் உண்டு. முதியவளான பஞ்ஞா இறக்கும்போது அவள் அறிவு இளையவளான கருணாவிடம் சென்று வாழ்கின்றது. மூலன் என்னும் இடையனின் உடலிற் புகுந்த திருமூலரின் வரலாற்றைப் பெரியபுராணத்திற் படித்தோர்க்கு இது புதுமையாகத் தோன்றாது. ஒன்று கவர்தல், மற்றொன்று கையளித்தல் என்ற இவ்வேறுபாட்டை ஆசிரியர் கண்டும் அதனை வளர்க்காது விட்டமை கதையின் குறைபாடேயாகும்.

அதிகாரத்தைப் பற்றிய பகுதியில் அவர் கூர்மையாகவே எழுதியிருக்கின்றார். படைக்குழுவின் ஹிண்டில் என்பவன் மனம் பேதலித்து ஆட்சியைக் கைப்பற்றுகின்றான். சிறைப்பட்ட இரு கிண்டாக்கள், கண்ணாடியிலே தம் உயிரை அவன் பிடித்துவைத்துவிட்டான் என்று நம்பி அவனுக்கு அடிமையாகின்றனர். மாரனால் குரல் பெற்ற அரிஸ் தன் மக்களுக்குத் தலைவனாகி, அந்நியரின் போர் இயந்திரத்தைப் போல மரத்தாற் பொம்மை ஒன்று கட்டி அவர்களைத் தாக்கப் புறப்படுகின்றான். ஆக, ஆட்சியாளன் மனத்தைப் பிணித்து ஆள்கின்றான். ஆளப்படுவோன் பிறிதொன்றாற் பிணிக்கப்பட்ட பின்னரே எதிர்க்கத் துணிகின்றான். அடக்கப்பட்டோரின் எதிர்ப்பைப் பேயின் செயலாக மட்டும் காட்டி, பேயை ஓட்டியதும் எதிர்ப்பும் ஓய்ந்ததாக முடித்தமையை ஏற்பதற்கில்லை. அரிஸின் உடன்பிறந்தான் அந்நியரிடம் சிறைப்பட்டிருந்தான் என்பதைக் கதையே கூறுகின்றதன்றோ?

கிண்டாக்களிடையே ஞானப் பெண்களுக்கே குரலுண்டு. ஆடவன் பேசினால் அது தீமையின் அறிகுறி. காமன் கூத்தில் நிலைமை நேர்மாறானது. கொழுந்தெடுப்போர் பெண்கள்; தோட்டத்தின் பொருளாதாரம் அவர்தம் விரல்களிலே தங்கியிருப்பது. ஆயினும் அவர்களுக்குக் கூத்திலே வேடமில்லை. கூத்தின் மிக உருக்கமான பகுதியாகிய ரதி புலம்பலைக் கூட ஓர் ஆடவரின் தொண்டையே பாடுகின்றது. பெண்கள் சுற்றி நின்று அழுவர். அவ்வேளை, வேடமில்லாத ஒரு பெண்ணுக்கு அருள் வந்துவிடுமாயின் களம் குழம்புகின்றது. அந்த உருவுக்குப் பாத்திரமில்லை, பாட்டில்லை, வாத்தியார் அதற்கு அடவு வகுத்து வைக்கவில்லை. ஆதலால் அவளை விரைந்து விபூதியிட்டு அமர்த்திவிட முயல்கின்றனர். மானிடவியலாளர் ஐ. எம். லூயிஸ் 1971இல் வெளியிட்ட நூலில், அதிகாரமற்றோர், சிறப்பாகப் பெண்கள், தம் குறையை மறைமுகமாக உரைக்கும் வழியாக ஆவேசம் அமைவதுண்டு எனக் காட்டினார். காமன் பொட்டலில் அதிகாரப் போட்டி சிவனுக்கும் மன்மதனுக்கும் இடையில் மட்டும் நிகழ்வதன்று. அனுமதிக்கப்பட்ட உருவுக்கும் அனுமதிக்கப்படாத உருவுக்கும் இடையிலும் நிகழ்கின்றது. கூத்தைப் பதிவு செய்வோர் களத்தின் நடுவை மட்டும் பதிவு செய்து, விளிம்பைக் கைவிடும் வழக்கம் திருத்தப்படவேண்டியதொன்று.

இத்தனை ஆவேசம் நிறைந்த கூத்து தோட்ட நிருவாகத்தை ஏன் அச்சுறுத்தவில்லை என்று கேட்கலாம். ஊவாவின் வரலாற்றிலே தெய்வ வாக்கு ஆட்சியை உலுக்கியதுண்டு. 1817இல் வில்பாவே என்னும் முன்னாள் பிக்கு, தான் நாயக்க அரச குலத்துத் துரைசாமி என்றும், கதிர்காமத் தெய்வத்தின் அருள் பெற்ற அரசன் என்றும் அறிவித்தபோது, பதுளையிலிருந்த ஆங்கில அதிகாரி வில்சன் கொல்லப்பட்டார். அடக்கச் சென்ற கெப்பெட்டிபொல திசாவையே கிளர்ச்சியாளரோடு சேர்ந்தார். 1818 நவம்பர் 26இல் அவர் தலை வெட்டப்படும்வரை போர் நீண்டது. அங்கே தெய்வத்தின் பெயர் நாட்காட்டிக்குக் கட்டுப்படாது வந்தது. ஆபிரிக்காவின் அக்ராவில் குடியேறிய நைஜர் நாட்டுத் தொழிலாளர்க்கோ ஆளுநரும் புகைவண்டி சாரதியுமே ஆவிகளாக வந்து புகுந்தனர் என்பதை ழான் ரூஷ் 1955இல் வெளிவந்த தமது ஆவணப் படத்திற் காட்டினார். காமன் கூத்தின் மூலக்கதையில் துரைக்கு வேடமில்லை. துரைக்கு முற்பட்ட தெய்வங்களையே தோட்டத்து மக்கள் தம் உடலில் ஏற்றினர். துரையை ஏற்க மறுத்தனர். அது அவர்களின் மானத்தைக் காத்தது. ஆனால் துரைத்தனத்தைக் களத்துக்கு வெளியே தொடாமலும் விட்டது. இவ்விரண்டையும் ஒருங்கே கூறாத ஆய்வு அரைகுறையானதே.

கூத்தை மேடைக்குக் கொணரும் முயற்சிகளைப் பற்றியும் ஒரு சொல். பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையிலே மட்டக்களப்புக் கூத்து மரபைச் செப்பனிட்டு, 1964இல் ‘இராவணேசன்’ முதலிய நாடகங்களால் அதற்குப் புது மதிப்பு உண்டாக்கினார். விடியும்வரை ஆடப்பட்ட கூத்து ஒரு மண்டபத்துக்கும் ஒரு மாலைக்கும் அளவாயிற்று. காமன் கூத்தையும் அவ்வாறே சுருக்கலாம் என எண்ணுவோர், சுருக்கத்தக்கது எது, தகாதது எது என்று முதலில் ஆராய்தல் வேண்டும். பாட்டைச் சுருக்கலாம், தூதனின் வரவைக் குறைக்கலாம். நோன்பின்றி உருவை நடிக்கவும் செய்யலாம். நல்ல நடிகர் அதனைத் திறம்படவே செய்வார். ஆனால் தகனத்தோடு விளக்கை அணைத்துத் திரையை இறக்கிவிடின், மூன்றாம் நாளின் உயிர்ப்பித்தல் விடுபட்டுப் போகின்றது. எரிந்தவன் எழுகின்றான், எனினும் ரதியின் கண்ணுக்கு மட்டுமே புலனாவான் என்பது சிவனின் வாக்கு. கூத்திலே ரதியாக நின்ற ஆடவர் எவரும் காணாத ஒருவனை வரவேற்கின்றார். சுற்றி நிற்கும் பெண்கள், வேடம் மறுக்கப்பட்டவர்கள், அவர் கை நீட்டும் பக்கமே நோக்கி நிற்கின்றனர்.