நான்கு குரல்கள், ஒரு பகடை

‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து வெளிவந்தது. எழுதியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர். ஆட்டம் இதுதான்: நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஒருவர் கதையை நடத்துகிறார். காடு, கோட்டை, சத்திரக்காரன், எதிரி எல்லாம் அவர் வாயிலிருந்து வரும். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேடம். ‘கதவை உடைக்கிறேன்’ என்று ஒருவர் சொன்னால், உடைந்ததா இல்லையா என்பதை இருபது முகப் பகடை சொல்லும்.

காரைக்கால்காரர்களுக்கு இதில் பாதி பழக்கமான சங்கதி. ஆனிப் பௌர்ணமியை ஒட்டிய மாங்கனித் திருவிழாவில் காரைக்கால் அம்மையாராகிய புனிதவதியின் திருக்கல்யாணம் தொடங்கி ஊரே ஒரு கதையை நடத்திக் காட்டுகிறது. பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடியிலிருந்து மாம்பழம் வீசுகிறவரும் அந்தக் கதைக்கு உள்ளேதான் நிற்கிறார். ஆனால் கப்பலேறிப் போன கணவன் பரமதத்தன் புனிதவதியிடம் திரும்பி வரமாட்டான் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். மேசை ஆட்டத்தில் அப்படியில்லை. பகடை நன்றாக விழுந்தால் அவன் கப்பலேறாமல் காரைக்காலை அடுத்த கோட்டுச்சேரியிலேயே ஒரு மளிகைக்கடை போட்டு உட்கார்ந்துவிடக்கூடும்.

இப்படி ஆடுவதைப் பதிவு செய்து, ஆடாத ஆயிரக்கணக்கானோர் வாரந்தோறும் காதால் கேட்கிறார்கள். அதை ஒரு தொழிலாகவும் நடத்துகிறார்கள். தமிழில் பாட்காஸ்ட் நடத்த நினைப்பவர்கள் இந்தத் துறையைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். அதன் வரவு செலவு, அமைப்பு, தோல்விகள் எல்லாம் நமக்கும் பொருந்தக்கூடியவை.

2006இல் தொடங்கிய ‘ஃபியர் த பூட்’ போன்ற ஆரம்ப நிகழ்ச்சிகள் ஆட்டத்தைப் பற்றிப் பேசின; சண்டைக்காரக் கூட்டாளியை எப்படிச் சமாளிப்பது, கதையை எப்படி நகர்த்துவது என்கிற மாதிரி. ஆட்டத்தையே ஒலிபரப்பும் வழக்கத்துக்குப் பெரிய கதவைத் திறந்தது விளம்பரம். 2008இல் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ உரிமையாளரான விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் தன் நான்காம் பதிப்பு விதிநூலை விற்பதற்காக, ‘பென்னி ஆர்கேட்’ என்ற இணையச் சித்திரக்கதைக்காரர்களை உட்காரவைத்து ஆடச் செய்து பாட்காஸ்டாக வெளியிட்டது. ‘அக்விசிஷன்ஸ் இன்கார்ப்பரேட்டட்’ என்று பெயர். விதிநூலை வாங்காதவர்களும் கேட்டார்கள். விளம்பரத்தையே நிகழ்ச்சியாக ரசிக்க ஆள் இருந்தது.

அதன்பின் வந்தவற்றில் ‘கிரிட்டிகல் ரோல்’ பெயர்தான் எல்லோர் வாயிலும் இருக்கிறது. தொழில்முறை டப்பிங் கலைஞர்கள் 2015 மார்ச்சில் தொடங்கியது. 2019இல் ஒரு கார்ட்டூன் படத்துக்காக ரசிகர்களிடம் 7.5 லட்சம் டாலர் கேட்டார்கள், 1.1 கோடி டாலருக்கு மேல் வந்து குவிந்தது. 2021இல் ட்விச் தளத்தின் கணக்குகள் கசிந்தபோது, சுமார் இரண்டு ஆண்டுகளில் அந்தத் தளம் இவர்களுக்கு மட்டும் 96 லட்சம் டாலர் கொடுத்திருந்தது தெரியவந்தது. கேட்கப் பிரமாதமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தத் துறையைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர் முதலில் ஒதுக்கிவைக்க வேண்டிய கணக்கும் இதுதான். ரஜினி படத்தின் வசூலை வைத்துக்கொண்டு நாடக சபா நடத்தத் திட்டம் போட முடியாது.

பார்க்க வேண்டியது சிகாகோவை. அங்கே மேடை நகைச்சுவையில் பயின்ற ஜேம்ஸ் டி’அமாட்டோ 2013இல் ‘ஒன் ஷாட்’ என்ற நிகழ்ச்சியைத் தொடங்கினார். நூற்றுக்கணக்கான அத்தியாயங்கள் நீளும் பெருங்கதை அங்கே கிடையாது. ஓரிரண்டு அமர்வில் ஒரு கதை முடிந்துவிடும். அடுத்ததற்கு வேறு விதிநூல், வேறு ஆட்கள். இந்த ஏற்பாட்டில் மூன்று காரியம் ஒருசேர நடந்தது. புதிதாகக் கேட்க வருகிறவர் எங்கே தொடங்கினாலும் சரி. ஐந்து பேரின் விடுமுறை நாட்கள் ஆண்டுக்கணக்கில் ஒத்துவர வேண்டியதில்லை. பல நிகழ்ச்சிகள் சாவது அந்த ஒரு வியாதியால்தான். தனியாளாக ஆட்டம் எழுதி விற்கும் சிறு ஆசிரியர்களுக்கும் ஒரு மேடை கிடைத்தது. வந்துபோன ஆடுநர்களில் சிலர் தங்கள் சொந்த நிகழ்ச்சியோடு திரும்பினார்கள். அவற்றையெல்லாம் ஒரே கூரையின் கீழ் சேர்த்தபோது ‘ஒன் ஷாட் நெட்வொர்க்’ ஆனது.

கூரை என்றால் என்ன? முக்கியமாக, ஒரு நிகழ்ச்சியின் இடையில் இன்னொன்றைப் பற்றி முப்பது வினாடி சொல்வது. பொது விளம்பரதாரர், பொதுத் தொழில்நுட்ப உதவி எல்லாம் பிறகுதான். கனடாவின் டேனியல் குவான் நடத்திய ‘ஏஷியன்ஸ் ரெப்ரசென்ட்’ இந்தக் கூரையின் கீழ் இருந்தது. 1985இல் வந்த ‘ஓரியன்டல் அட்வென்ச்சர்ஸ்’ விதிநூல் ஆசியர்களை எப்படிக் கேலிச்சித்திரமாக்கியது என்று பக்கம் பக்கமாகப் படித்து விமர்சித்தவர்கள் இவர்கள். 2020இல் அந்தச் சர்ச்சை சூடுபிடித்தது. அதே ஆண்டில் விஸார்ட்ஸ் நிறுவனம் தன் பழைய நூல்களின் மின்பதிப்புகளில் பொறுப்புத்துறப்புக் குறிப்பைச் சேர்த்தது. தனியாகக் கத்தியிருந்தால் இவர்கள் குரல் அந்த அலுவலகம்வரை போயிருக்குமா என்பது சந்தேகம்.

பணம் வருகிற வழியில் எனக்கு மிகவும் பிடித்தது ‘மேக்சிமம் ஃபன்’ கூட்டமைப்பு. ஜெஸ்ஸி தார்ன் உருவாக்கியது. மேற்கு வர்ஜீனியாவின் மெக்கல்ராய் சகோதரர்கள் மூவரும் அவர்கள் தகப்பனார் கிளின்ட்டும் ஆடும் ‘த அட்வென்ச்சர் ஸோன்’ 2014இல் இங்கேதான் தொடங்கியது. அந்தக் கதையின் சித்திர நூல் 2018இல் நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. கேட்பவர் மாதம் ஐந்து டாலரிலிருந்து சந்தா கட்டலாம். எந்தெந்த நிகழ்ச்சிகளைக் கேட்கிறேன் என்று அவரே குறித்துக் கொடுக்கிறார், பணம் அதன்படி பிரிகிறது. ஆண்டுக்கு ஒருமுறை சந்தா திரட்டும் விழா. 2023இல் தார்ன் நிறுவனத்தைப் பெரிய கம்பெனி எதற்கும் விற்காமல், ஊழியர்களே உடைமையாளர்களான கூட்டுறவாக மாற்றிவிட்டார். கூட்டுறவுச் சங்கத்தில் உரக்கடனுக்கு வரிசையில் நின்ற டெல்டா வாசகருக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் உற்சாகம் வராமல் போகலாம். ஆனால் இது பல ஆண்டுகளாகச் சந்தாவில் ஓடிய, கணக்கு தெளிவாக இருந்த ஒரு நிறுவனம் எடுத்த முடிவு.

இந்தியாவில் கூட்டமைப்பு என்ற வடிவத்தை முன்னெடுத்தவர்களில் மும்பையின் ஐவிஎம் பாட்காஸ்ட்ஸ் முக்கியமானது. அமித் தோஷி தொடங்கிய அதை 2020இல் பிரதிலிபி நிறுவனம் வாங்கியது. அதாவது, வட்டார மொழிகளில் தொடர்கதை வெளியிடும் ஒரு நிறுவனத்துக்குக் குரல் தேவைப்பட்டது. தமிழில் தீபிகா அருணின் ‘கதை ஓசை’ ஒற்றை ஆளாக நாவல்களை வாசித்தே பெரும் கூட்டத்தைச் சேர்த்திருக்கிறது. மேசை ஆட்டத்தின் பக்கம் தெற்காசியர்கள் வந்தது புலம்பெயர்ந்தவர்கள் வழியாக. 2022இல் வந்த ‘ஜர்னீஸ் த்ரூ த ரேடியன்ட் சிட்டடல்’ தொகுப்பை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் அஜித் ஜார்ஜ். அதில் வங்க நிலத்தின் சாயலில் ஒரு கதையை மிமி மண்டல் எழுதினார். அடுத்த ஆண்டு ஜாஸ்மின் புல்லர், அஞ்சலி பிமானி, சந்தீப் பாரிக் ஆகியோர் ‘தேசிக்வெஸ்ட்’ என்ற ஆட்டத் தொடரை எடுத்தார்கள். எல்லாம் ஆங்கிலம்.

தமிழுக்கு முன்னோடி வேறு திசையில் இருக்கிறது. நம் கரையிலிருந்து தெற்கே, கடலுக்கு அப்பால். இலங்கை வானொலியின் ‘கோமாளிகளின் கும்மாளம்’ தொடரில் நான்கு பேர். மரிக்கார் ராமதாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன், ஐயராகப் பேசிய பி.எச். அப்துல் ஹமீத். இலங்கை முஸ்லிம் வியாபாரியின் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ், சிங்களவர் பேசும் தமிழ், ஐயர் தமிழ். வாயைத் திறந்த நொடியில் யார் என்று தெரிந்துவிடும். மரிக்கார், அப்புக்குட்டி, உபாலி என்ற வேடப் பெயர்கள் நடிகர்களின் பெயரோடு நிரந்தரமாக ஒட்டிக்கொண்டன. 1976இல் ‘கோமாளிகள்’ என்று படமாகவும் வந்தது. மெக்கல்ராய்கள் நால்வரின் நிகழ்ச்சியும் இதே அடிப்படையில்தான் நிற்கிறது. அங்கேயும் தகப்பனார் கிளின்ட் பழைய வானொலிக்காரர் என்பது தற்செயலாக எனக்குப் படவில்லை. காதால் மட்டும் கேட்பவருக்கு ஐந்து பேர் ஒரே மாதிரிப் பேசினால் கதை இரண்டாம் நிமிடமே குழம்பிவிடும். விதி தெரிந்த ஆடுநரைவிடக் குரல் தெரிந்த ஆடுநர் இங்கே முக்கியம்.

அந்தக் கணக்கில் கோட்டுச்சேரிக்குக் குறையில்லை. மரைக்காயர் வீட்டுத் தமிழ், கிளிஞ்சல்மேட்டு மீனவர் பேச்சு, வயல்காட்டுப் பேச்சு, கோடை விடுமுறைக்கு பாரிஸிலிருந்து வந்திறங்குகிறவரின் பிரெஞ்சு கலந்த தமிழ் என்று நான்கும் ஒரே டீக்கடையில் கிடைக்கும்.

விதிநூலுக்கும் இப்போது தடையில்லை. 2023 ஜனவரித் தொடக்கத்தில் பிறர் தன் விதிகளைப் பயன்படுத்துவதற்கான விஸார்ட்ஸின் புதிய உரிம வரைவு கசிந்தது. ஆண்டுக்கு 7.5 லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிக்கும் பிற பதிப்பாளர்கள், அதற்கு மேற்பட்ட வருவாயில் 25 சதவீதம்வரை கப்பம் கட்ட வேண்டும் என்றது. பாட்காஸ்ட்காரர்களும் சிறு பதிப்பாளர்களும் கொதித்தார்கள், நிறுவனத்தின் இணையச் சந்தாக்கள் ரத்தாயின. அந்த மாதம் 27ஆம் தேதி நிறுவனம் இறங்கிவந்து, அடிப்படை விதிகள் முழுவதையும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டது. மூலத்தைக் குறிப்பிட்டால் போதும். மொழிபெயர்க்கலாம், அச்சிடலாம், விற்கலாம். பெயர்பெற்ற சில அரக்கர்களைத் தன் வசமே வைத்துக்கொண்டது. முனியும் வேதாளமும் இருக்கும் ஊரில் அது நஷ்டமில்லை. பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலி, ஸ்பானிய மொழிகளில் நிறுவனமே வெளியிட்டுவிட்டது. பிரெஞ்சுப் பதிப்பைப் படித்துத் தமிழாக்கக் காரைக்காலில் பென்ஷன்தாரர்கள் சிலர் கிடைப்பார்கள். பாதியில் அதை நிறுத்திவிட்டு இலக்கணப் பிழை பார்க்கத் தொடங்கிவிடாமல் இருக்க வேண்டும்.

தொழில்நுட்பத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆளுக்கொரு மைக், ஆளுக்கொரு தனிப்பதிவு. தனித்தனி ஊரிலிருந்து ஆடினால் டிஸ்கார்ட் அரட்டைத் தளத்தில் ‘கிரெய்க்’ என்ற இலவசச் செயலி அதைச் செய்துவிடும். ஒருவர் இருமினால் அவர் தடத்தில் மட்டும் அழிக்கலாம். நம் வீடுகளில் காத்தாடிச் சத்தத்தை அள்ளும் கண்டென்சர் மைக்கைவிட டைனமிக் மைக் மேல். ஆடிய நேரத்தைப்போலப் பலமடங்கு வெட்டி ஒட்டுவதில் போகும். கூலி கொடுக்க வேண்டிய முதல் ஆள் அந்த எடிட்டர்தான்.

பணம்தான் கடினம். தமிழ் ஒலிக்கு இந்திய விளம்பரதாரர் கொடுப்பதை நம்பி ஒரு எடிட்டரைக்கூட வைத்துக்கொள்ள முடியாது என்பதே என் கணிப்பு. சிறு சந்தாவே வழி. யுபிஐ வந்தபின் இருபது ரூபாய் அனுப்புவது சிரமமில்லை. ஆனால் சந்தா கட்டுகிறவர் எதிர்பார்ப்பது தவறாத ஒழுங்கு. ஆரம்பித்த மூன்றாம் மாதம் நின்றுபோன தமிழ் நிகழ்ச்சிகளைப் பார்த்துச் சலித்தவர்கள் அவர்கள். ஆகவே ‘நெட்வொர்க்’ என்று பெயர்ப்பலகை மாட்டுவதற்கு முன்னால், ஒன் ஷாட் வழியில், ஆறேழு அத்தியாயத்தில் முடிகிற ஒரு கதையைப் பதிந்து முடித்துக் கையில் வைத்துக்கொண்டு வெளியிடத் தொடங்குங்கள். இரண்டாவது நிகழ்ச்சியை நடத்த அந்தக் கேட்பவர்களிலிருந்து ஒருவர் முன்வந்தால் கூட்டமைப்பு பிறந்துவிட்டது.

இன்னொரு வேண்டுகோள் டெல்டாக் கரையின் பழைய நேயர்களுக்கு. இலங்கை வானொலி நாடகங்களைக் கேசட்டில் பதிந்து வைத்திருப்பவர்கள் அவற்றைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஈழத்து நூல்களோடு ஒலிப்பதிவுகளையும் மின்வடிவில் சேகரிக்கும் நூலகம் நிறுவனத்துக்குத் தெரியப்படுத்துங்கள். தமிழில் குரல் பிரித்துப் பேசக் கற்க வருகிற அடுத்த ஆளுக்கு அவைதான் பாடநூல்.