தலை தட்டி அளந்த பெற்றோல்

தீவகத்தில் கிணறு உவர்ப்பேறிய ஊர்களுக்குப் பவுசர் வரும்போது வாளிகளும் குடங்களும் தெருவுக்கு ஓடிவரும். பவுசர் என்றால் எங்களுக்குத் தண்ணீர் வண்டி. ஆனால் அது ஒரு மனிதரின் பெயர். அமெரிக்காவின் ஃபோர்ட் வெய்ன் நகரில் வாழ்ந்த சில்வேனஸ் பவுசர், 1885 இல் ஒரு பலசரக்குக் கடைக்காரருக்கு மண்ணெண்ணெய் இறைக்கும் கைப்பம்பு செய்து விற்றார். மண்ணெண்ணெய்ப் பீப்பா ஒழுகிப் பக்கத்திலிருந்த வெண்ணெய் நாறிப்போனதுதான் அதற்குக் காரணம் என்று கதை. கார் வந்ததும் அதே பம்பு பெற்றோல் இறைக்கப் போனது.

பழைய பம்புகளைச் சேகரிப்பவர்கள் அந்த முதல் தலைமுறையைக் 'குருட்டுப் பம்பு' என்பார்கள். பிடியை ஒரு முறை இழுத்தால் இன்ன அளவு என்று கணக்கு. இரும்பு உடலுக்குள் என்ன நடக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரியாது. விற்பவன் சொன்னதை நம்பவேண்டியதுதான்.

அந்தச் சந்தேகத்துக்குப் பிறந்த பதில்தான் கண்ணாடிப் பம்பு. பம்புகளில் எனக்கு அழகி அவள்தான். ஆளை விட உயர்ந்த இரும்புத் தூண், உச்சியில் பெரும்பாலும் 10 கலன் கொள்ளும் கண்ணாடி உருளை. பக்கத்துப் பிடியை முன்னும் பின்னும் ஆட்ட ஆட்ட, நிலத்தடித் தாங்கியிலிருந்து பெற்றோல் நுரைத்தபடி ஏறும். உருளைக்குள் கலன் கலனாக எண் தகடுகள். ஈயம் சேர்த்த பெற்றோலுக்குச் சிவப்புச் சாயம் இட்டிருப்பார்கள். வெயில் பட்டால் சர்பத் மாதிரி இருக்கும். அளவுக்கு மேல் ஏறினால் மிகுதி ஒரு வழிவுக் குழாயால் தாங்கிக்கே திரும்பிவிடும். கொத்தில் நெல் அளந்து தலை தட்டுகிறோமே, அந்தக் கையின் வேலையை இங்கே அந்தக் குழாய் செய்கிறது. பிறகு காரில் செருகிய குழாயின் வாயைத் திறந்தால் போதும். தன் பாரத்தாலேயே பெற்றோல் காருக்குள் இறங்கும்.

1930களில் மணிக்கூட்டு முகத்தோடு முள் சுற்றும் பம்புகள் வந்தன. அதே பத்தாண்டில் அளவையும் விலையையும் பற்சக்கரங்களாலேயே கணக்கிட்டு எண்களாகக் காட்டும் பம்பும் வந்தது. வசதிதான். ஆனால் பெற்றோல் மறுபடி இரும்புக்குள் ஒளிந்துகொண்டது. இலங்கையில் இந்த வியாபாரம் ஷெல், கல்ரெக்ஸ், எசோ கைகளில் இருந்தது. 1961 இல் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் பிறந்து, சில ஆண்டுகளில் முழுவதும் அதனிடம் போனது. பம்பின் தலையில் சிப்பி வடிவில் ஒளிர்ந்த ஷெல் கண்ணாடிகளைச் சேகரிப்பவர்கள் இன்று பொன்போல் பேணுகிறார்கள். எங்கள் ஊரில் 'செல்' என்ற சொல் பிறகு போரில் வானத்திலிருந்து விழும் குண்டுக்குப் பெயராயிற்று.

அந்தக் காலத்தில்தான் கண்ணாடிப் பம்பு யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்தது. 1990களின் பொருளாதாரத் தடையில் பெற்றோல் செட்டுகள் வெறுமையாய்க் கிடக்க, தெருவோர மேசைகளில் போத்தல்களில் பெற்றோல் நின்றது. கண்ணாடிக்குள் நிறம் பார்த்து, கழுத்து வரை நிரம்பியிருக்கிறதா என்று பார்த்து, புனல் வைத்து ஊற்றினோம். உருளை, அளவு, இறங்கும் பாரம் எல்லாம் அதேதான்; இரும்புத் தூண் மட்டும் இல்லை. அந்தச் சொட்டும் எஞ்சினைக் கிளப்ப மட்டும்தான். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. பெற்றோலில் கிளப்பிச் சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மொரிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ போட்டியும் அமுக்கம் குறைந்த பழைய எஞ்சின் என்பதால் அதையும் சகித்துக்கொண்டு, புகை கக்கியபடி ஓடின. புதிய கார்கள் கொட்டிலில் கிடந்த நாட்களில் கிழங்களே ஊரைச் சுமந்தன.

இப்போது பெற்றோல் செட்டில் எண்கள் மின்னுகின்றன. 2022 தட்டுப்பாட்டின்போது அளவைத் தீர்மானித்தது தொலைபேசியில் இருந்த ஒரு கறுப்பு வெள்ளை கியூஆர் கட்டம். ஆனாலும் மோட்டார் சைக்கிள்காரரைக் கவனித்துப் பாருங்கள். எண் ஓடி நின்றபின், மூடியைப் பூட்டுமுன் வண்டியை இரண்டு தரம் ஆட்டி, தாங்கிக்குள் குனிந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் காசை நீட்டுவார்.