ஐந்து சொல்லில் ஒரு நாடகம்

‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.’

ஐந்தே சொற்கள். அதற்குள் ஒரு கூடம், ஓர் ஆட்டக்காரி, எதிரே உட்கார்ந்திருக்கும் கூட்டம், தாளம் தப்பிய ஒரு கணம், உடனே நாக்கில் வந்து விழுந்த ஒரு சாக்கு. கூடம் உண்மையில் கோணலா என்று பழமொழி தீர்ப்புச் சொல்வதில்லை. ‘உன் குறையைப் பிறர்மேல் போடாதே’ என்று புத்தியும் சொல்வதில்லை. அவள் சொன்னதை நம்மிடம் ஒப்பித்துவிட்டு, ஒன்றும் தெரியாத முகத்தோடு நகர்ந்துவிடுகிறது. சிரிப்பது நம் வேலை. சிரித்து முடித்த பிறகு, நேற்று நாம் எந்தக் கூடத்தைக் கோணல் என்றோம் என்று யோசிப்பதும் நம் வேலைதான்.

தமிழ்ப் பழமொழியின் அழகு இந்த ஒதுங்கலில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. பள்ளிக்கூடச் சுவரில் எழுதிவைக்கும் பொன்மொழி நம்மை நிற்கவைத்துப் பேசும். பழமொழி யாரையோ பற்றிப் பேசிக்கொண்டு போகும். பாதி வழியில்தான் நமக்கு உறைக்கும். கரிசல் பக்கத்தில் இதைச் சொலவடை என்பார்கள். அங்கே ஒரு சொலவடை விழுந்தால், கேட்டவர் முதலில் சிரிப்பார், பிறகு திரும்பிப் பார்ப்பார்.

கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கிற அந்த ‘ஆம்’ சாமர்த்தியமான விஷயம். ‘என்றாளாம்’, ‘பறித்ததாம்’, ‘அழுததாம்’. சொல்பவர் எதையும் நேரில் பார்க்கவில்லை. கேள்விப்பட்டதைச் சொல்கிறார், அவ்வளவுதான். சண்டை வந்தால், ‘உன்னையா சொன்னேன்? நாலு பேர் சொல்கிறதைச் சொன்னேன்’ என்று கையை விரித்துவிடலாம். கோபித்துக்கொண்டவர்தான் மாட்டிக்கொள்வார், கோபித்துக்கொண்டதாலேயே அது தன்னைப் பற்றியதுதான் என்று அவர் ஒப்புக்கொண்டாகிவிட்டது. ஒருவரை இவ்வளவு மரியாதையாகக் குத்துவதற்கு வேறு வழி இருப்பதாகத் தெரியவில்லை.

‘வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டு, குத்துதே குடையுதே என்றானாம்’ என்பதில் இந்த ‘ஆம்’ செய்யும் வேலையைப் பாருங்கள். ஓணான் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அதன்மேல் எந்தக் குற்றமும் இல்லை. எடுத்தவனும் விட்டுக்கொண்டவனும் அலறுகிறவனும் ஒரே ஆள். வலிய வம்பை வாங்குகிறவர்களைப் பற்றி எவ்வளவு விளக்கி எழுதினாலும் அந்த ‘குத்துதே குடையுதே’க்கு ஈடாகாது. ‘குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம்’ என்பதில் இன்னொரு வித்தை. எந்தக் குதிரையும் குழி பறிக்காது. ஆனால் வேலை போன வாரமே வீட்டுக்காரரும் வாடகையை ஏற்றினால், அந்தக் குதிரை மண்வெட்டியோடு நிற்பது கண்ணுக்குத் தெரிகிறது. துன்பத்தைக் கொஞ்சம் ஊதிப் பெருக்கிச் சொல்லும்போது அழுகை நின்று சிரிப்பு வந்துவிடுகிறது. ஊரார் பரிதாபத்தை எதிர்பார்க்காமல் தன் கஷ்டத்தைச் சொல்ல நம் ஆட்கள் கண்டுபிடித்த முறை இது.

காதுக்கும் இதில் பங்கு உண்டு. ‘ஆட’, ‘கூட’ என்பது எதுகை. ‘கூடம் கோணல்’ என்பது மோனை. ‘நடனம் தெரியாதவள் அரங்கம் வளைந்திருக்கிறது என்றாளாம்’ என்று மாற்றிப் பாருங்கள். பொருளுக்குச் சேதமில்லை, பழமொழி செத்துவிட்டது. ‘பதறாத காரியம் சிதறாது’ என்பது மூன்றே சொல்லில் அடங்கிய எதுகை. ‘சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்’ என்பதில் கணக்கே எதுகையாகிவிட்டது: காலுக்கு முக்கால். சாமானைவிட அது வீடு வந்து சேரும் செலவு அதிகம் என்பதை, செயலியில் ஒரு சட்னிப் பொட்டலம் வரவழைத்த எவரும் இன்று புரிந்துகொள்வார். பணம் என்ற அந்தப் பழைய நாணயம் போய்விட்டது, சுமைகூலி போகவில்லை.

ஒலியும் காட்சியும் ஒன்றாகப் பொருந்தியதில் எனக்கு மிகப் பிடித்தது, ‘கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை’. கூழைக் கலயத்தோடு தூக்கிக் குடிக்க வேண்டும். மீசை இருந்தால் அதில் பாதி அங்கேயே தங்கிவிடும். இரண்டில் எதையும் விட மனமில்லாத ஒருவர் கலயத்தை வாயருகே கொண்டுபோய் யோசித்துக்கொண்டு நிற்கிறார். அவரை யாரும் கண்டிக்கவில்லை. கூழும் நல்லதுதான், மீசையும் நல்லதுதான். இரண்டையும் ஒரே முகத்தில் வைத்திருக்கிறோமே, அதுதான் சங்கடம்.

அடுப்படியில் பிறந்தவற்றுக்குத் தனிச் சூடு. ‘மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்’ என்பதை யார் முதலில் சொல்லியிருப்பார் என்று ஆராயவே வேண்டாம். நேருக்கு நேர் பேச முடியாத ஒரு வீட்டில், தண்ணீர்த் துறையில் இன்னொரு மருமகளிடம் சொல்லப்பட்டிருக்கும். அதிகாரம் எப்படி நடக்கிறது என்பதற்கு இதைவிடக் கச்சிதமான விளக்கம் இல்லை: உடைந்தது ஒரே குடம், உடைத்த கையைப் பொறுத்து விலை ஏறுகிறது. அலுவலகத்தில் மேலாளர் தொலைத்த கோப்புக்கும் உதவியாளர் தொலைத்த கோப்புக்கும் இதே விலைப்பட்டியல்தான். ‘ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே’ என்பதோ பந்தியில் உட்கார்ந்திருக்கும் கணவனின் குரல். நெய் அடுத்தவனுடையது, பரிமாறுகிறவள் தன்னுடையவள். ‘நெய்யே, கையே’ என்று அவன் இரண்டையும் உற்சாகப்படுத்துவதுபோல் என் காதில் விழும். பொதுப் பணத்தில் தாராளம் காட்டுகிற எவரைப் பார்த்தாலும் இந்த இலையும் இந்தக் கரண்டியும் நினைவுக்கு வரும்.

வயலில் பிறந்தவை வேறு ரகம். ‘உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது.’ உழக்கு என்பது ஒரு நாழியில் நாலில் ஒரு பங்கு, இரண்டு ஆழாக்கு. விதை, எரு, கூலி, வட்டி, தண்ணீர் எல்லாம் கழித்தால் அதுகூடக் கையில் நிற்காது. வேளாண்மையின் துயரத்தைச் சொன்ன வாக்கியம் என்று இதை மேடைகளில் எடுத்துக்காட்டுவார்கள். சரிதான். ஆனால் அந்தப் ‘பார்த்தால்’ என்ற சொல்லில் ஒரு குறும்பும் ஒளிந்திருக்கிறது. பார்த்தால்தானே? பார்க்காமல் இருந்துவிட்டால் அடுத்த ஆடியில் மறுபடி ஏர் பூட்டலாம். கணக்குப் பார்க்கத் தெரியாதவன் சொன்னதில்லை இது. பார்த்து, விடை தெரிந்து, அதை மடித்து வைத்துவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு போனவன் சொன்னது. துக்கமும் பிடிவாதமும் சிரிப்பும் இப்படி ஒரே வரியில் கலந்து நிற்பது அபூர்வம்.

பழமொழி ஓர் இலக்கிய வகை என்பதைத் தொல்காப்பியர் அன்றே கண்டிருக்கிறார். செய்யுளியலில் பாட்டு, உரை, விடுகதையாகிய பிசி இவற்றோடு முதுமொழிக்கும் இடம் கொடுத்து இலக்கணமும் சொல்கிறார். நுட்பம், சுருக்கம், ஒளி, மென்மை ஆகியவை வேண்டும் என்பதோடு, சொல்ல வந்த பொருளை முடித்துவைக்கக் காரணமாக வந்து நிற்க வேண்டும் என்றும் சேர்க்கிறார். இந்தக் கடைசி நிபந்தனைதான் எனக்கு வியப்பு. பழமொழி தனியாக இருப்பதற்கென்று பிறந்ததில்லை. ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் பேச்சுக்குள் வந்து அதை முடித்துவைக்கப் பிறந்தது. பதினெண்கீழ்க்கணக்கில் ஒன்றான பழமொழி நானூற்றில் முன்றுறை அரையனார் நானூறு வெண்பாவிலும் பழமொழியை வைத்துப் பொருளை முடிக்கிறார். ஊர்த் திண்ணையில் நடப்பதும் அதேதான். வெண்பாவுக்குப் பதில் வாய்ச்சண்டை.

இதை மறந்துவிட்டால், பழமொழிகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதாகத் தோன்றும். ‘கெட்டும் பட்டணம் சேர்’ என்கிறது ஒன்று. ‘உள்ளூரில் விலை போகாத மாடு வெளியூரில் விலை போகுமா’ என்கிறது இன்னொன்று. ஊரில் தொழில் நொடித்து, சென்னைக்குப் பெட்டி கட்டுகிற பையனிடம் அத்தை முதலாவதைச் சொல்வாள்; சித்தப்பா திண்ணையிலிருந்தே இரண்டாவதைச் சொல்வார். இருவரில் யார் சரி? பையனைப் பார்த்தால்தான் தெரியும். ‘முன் வைத்த காலைப் பின் வைக்காதே’, ‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ இரண்டும் ஒரே காலுக்குச் சொன்னவை. வேறு வேறு ஆற்றங்கரையில் சொன்னவை. எந்த வேளைக்கு எதை எடுப்பது என்ற தேர்வில் இருக்கிறது அறிவு. பழமொழி அந்தத் தேர்வை நம்மிடமே விட்டுவிடுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவற்றைத் திரட்டி அச்சேற்றியவர்களுக்கு நாம் பெரிய கடன்பட்டிருக்கிறோம். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலியத்தைத் தமிழாக்கிய பீற்றர் பெர்சிவல், முதலில் அங்கேயே ஒரு தொகுப்பு வெளியிட்டார். பிறகு 1874இல் சென்னையில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பழமொழிகளோடு பெருநூலாகக் கொண்டுவந்தார். 1894இல் ஜான் லாசரஸ் அகராதியாகவே தொகுத்தார். 1897இல் டென்மார்க்கிலிருந்து வந்த ஹெர்மன் ஜென்சன் பொருள்வாரியாகப் பிரித்து அடுக்கினார். நம் காலத்துக்கு அருகில் கி.வா. ஜகந்நாதனின் உழைப்பு நான்கு தொகுதிகளாக நிற்கிறது. பொழுதுபோகாத மத்தியானத்தில் இவற்றில் எதைப் பிரித்தாலும் பத்துப் பக்கத்துக்குள் நாலு இடத்தில் வாய்விட்டுச் சிரிக்கலாம். ஆனாலும் அகர வரிசையில் நிற்கிற பழமொழிகள், வேஷம் கட்டிக்கொண்டு மேடை கிடைக்காமல் காத்திருக்கும் நடிகர்கள்தான். யார், யாரிடம், எந்த வீட்டில், எந்தக் குரலில் சொன்னார் என்பது புத்தகத்தில் ஏறவில்லை. அதை நாம்தான் கற்பனையில் இட்டு நிரப்ப வேண்டும்.

அந்தத் தொகுப்புகளைப் படிக்கும்போது முகம் சுளிக்க வேண்டிய இடங்களும் நிறைய. சாதிப் பெயர் சொல்லி இழிப்பவை, விதவையை அபசகுனமாக்குபவை, கருத்த தோலையும் ஊனத்தையும் கேலி செய்பவை. பழையது என்பதாலேயே ஞானமாகிவிடாது. வலியவன் எளியவனைப் பார்த்துச் சிரித்த சிரிப்பும் இதே எதுகையில்தான் பதிவாகியிருக்கிறது. மேலே நோக்கி எறிந்ததா, கீழே நோக்கி எறிந்ததா என்று பார்த்து எடுப்பது ரசிகனின் பொறுப்பு. கீழே எறிந்தவற்றைச் சமூக வரலாறு எழுதுகிறவர்களுக்கு விட்டுவிடலாம்.

இன்னொரு விதமான ஆபத்து, பழமொழிகளுக்குக் குளிப்பாட்டிப் பட்டுச் சட்டை போடுகிற பழக்கம். ‘கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம்’ என்பதற்கு, சிற்பி செதுக்கிய கல்நாயைப் பற்றிய தத்துவம் இது என்று உபன்யாசத்தில் விளக்குவார்கள். நாயாகப் பார்த்தால் கல் மறையும், கல்லாகப் பார்த்தால் நாய் மறையும். அழகான விளக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் இருட்டுகிற நேரத்தில் தெருமுனையில் உறுமலைக் கேட்டுவிட்டு, குனிந்து மண்ணைத் துழாவுகிறவனின் அவஸ்தை இருக்கிறதே, அதுவும் தத்துவம்தான். சில்லறை இருக்கிறபோது பேருந்து வராததும், பேருந்து வந்தபோது சில்லறை இல்லாததும் அந்த வகை. வேண்டியதும் வேண்டிய வேளையும் ஒன்றாக வராது என்பதைச் சொல்ல ஒரு தெருநாய் போதும். அதைக் கோயில் வாசலுக்கு இழுத்துவர வேண்டியதில்லை.

பழமொழிக் காலம் முடிந்துவிட்டது என்றும் சிலர் வருத்தப்படுகிறார்கள். எனக்கு அந்தக் கவலை இல்லை. ‘பல்லு இருக்கிறவன் பக்கோடா சாப்பிடுறான்’ என்பது தேநீர்க்கடை வாடை அடிக்கிற வாக்கியம். கவுண்டமணியும் வடிவேலுவும் திரையில் சொன்னவற்றில் எத்தனை, படத்தின் பெயரே மறந்த பிறகும் வீட்டுச் சண்டைகளை முடித்துவைக்கின்றன! ‘கரகாட்டக்காரன்’ வந்த 1989க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கும் அந்த வாழைப்பழ விவகாரம் தெரியும். சொன்னவர் யார் என்பது உதிர்ந்து, சொல் மட்டும் ஊர்ப் பொதுவாகும்போது பழமொழி பிறந்துவிடுகிறது. தொல்காப்பியரின் கடைசி நிபந்தனையில் இவையும் தேறும்.

கையாள்கிறவரின் கலை என்று ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்த ரசனை முழுமையாகாது. ஆறே மாதத்தில் பணத்தை இரட்டிப்பாக்கித் தருவதாக ஒருவர் தேநீர்க்கடையில் வண்ணப் படிவங்களை விரித்துப் பேசுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றி நாலு பேர் வாய் பிளந்து கேட்கிறார்கள். ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் வாயைத் திறக்க மாட்டார். அந்த ஆள் பேசி முடிக்க வேண்டும், யாராவது ஒருவர் பேனாவைத் திறக்க வேண்டும். அப்போதுதான், டம்ளரை வைத்துவிட்டு எழுந்துகொண்டே, ‘கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்கு மதி எங்கே போச்சு?’ என்பார். பேசியவரைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. பழி முழுக்கக் கேட்டவர்மேல். பேனா மூடப்படும். அவர் ஒரு நிமிடம் முன்னால் சொல்லியிருந்தால் அது வெறும் குறுக்கீடு. ஒரு நிமிடம் பின்னால் சொல்லியிருந்தால் ஆறுதல்.

சொன்ன பிறகு அவர் விளக்கவும் மாட்டார். தேர்ந்த கையின் அடையாளம் அதுதான். ‘அதாவது தம்பி, என்ன சொல்ல வருகிறேன் என்றால்’ என்று ஆரம்பித்தால் பழமொழி அங்கேயே பொன்மொழியாகி, சுவருக்குப் போய்விடும். எனவே பழமொழியைச் சொல்லுங்கள், விளக்கம் சொல்லாதீர்கள் என்பது என் வேண்டுகோள். இத்தனை பழமொழிக்கு வரி வரியாக விளக்கம் சொல்லிவிட்டு இப்படி வேண்டுகிறவனுக்கும் ஒன்று தயாராகத்தான் இருக்கிறது: ‘ஊருக்குத்தானடி உபதேசம், உனக்கு இல்லையடி பெண்ணே.’